ஈர மண்ணில் ராடார் என்ன செய்யும்?

மண்ணுக்கு அடியில் ஆள் இருப்பதை மேலிருந்தே பார்க்கக் கருவி இருக்கிறதாமே, பிறகு ஏன் நாள்கணக்கில் தோண்டுகிறார்கள்? நிலச்சரிவுச் செய்தி ஓடும்போதெல்லாம் டீக்கடையில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இடுக்கி மாவட்டம் ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு எஸ்டேட் லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், மண்ணோடு போயின. இறந்த 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அதற்கு முந்தின ஆண்டு நிலம்பூரை அடுத்த கவளப்பாறையில் 59 பேர். அங்கே ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் தரை ஊடுருவும் ராடாரோடு வந்து தேடினார்கள். பலன் இல்லை. 11 பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

கருவி மோசம் என்று சொல்லிவிட முடியாது. அது ரேடியோ அலையைத் தரைக்குள் அனுப்புகிறது. உள்ளே பொருளின் தன்மை மாறுகிற இடத்தில் அலை கொஞ்சம் திரும்புகிறது. போய்வந்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். காய்ந்த மணலில் ஒரு நானோ விநாடிக்குச் சுமார் 15 செ.மீ. ஓடும் அலை, ஊறிய மண்ணில் 6 செ.மீ.தான் நகரும். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் களிமண் சேறு அலையையே விழுங்கிவிடும். விழுங்காமல் விட்டாலும், ராடார் காட்டுவது ஆளை அல்ல, வித்தியாசத்தை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். சுற்றியிருப்பதும் தண்ணீர் குடித்த சேறு. மோருக்குள் தயிர்க்கட்டியைத் தேடுகிற கதைதான். தகரக் கூரையும் பாறையும் மட்டும் பளிச்சென்று தெரியும்.

மூச்சசைவைப் பிடிக்கும் ராடாரும் உண்டு. 2024 ஆகஸ்ட் 2 அன்று வயநாடு முண்டக்கை நிலச்சரிவில் அப்படியொரு சிக்னல் வந்தது. மணிக்கணக்கில் தோண்டியும் உள்ளே மனிதர் யாரும் இல்லை.

அப்படியானால் அல்ட்ராசவுண்ட்? ஸ்கேன் எடுக்குமுன் வயிற்றில் ஜெல் தடவுவது இடையில் காற்று நிற்கக் கூடாது என்பதற்காக. காற்றில் முட்டினால் அந்த ஒலி உள்ளே போகாது. கல்லும் இடைவெளியுமாகக் கிடக்கும் இடிபாட்டில் அது எங்கே போகும்? தண்ணீர் என்றால் வேறு. அதில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் தங்குதடையின்றி ஓடும். அதனால்தான் 2024இல் ஷிரூர் நிலச்சரிவில் காணாமல்போன லாரியைத் தேட, கங்காவளி ஆற்றில் சோனார் இறக்கினார்கள்.

கருவி அல்லாத வழியும் உண்டு. பெட்டிமுடியில், ஆற்றில் சிக்கிக்கிடந்த தன் வீட்டுக் குழந்தையின் உடலை மோப்பத்தால் காட்டியது குவி என்ற வளர்ப்பு நாய்.

இனி டிவியில் ‘ராடார் வந்தாச்சு’ என்று சொன்னால், மண் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.