விட்டவர் மனையும் தொட்டவர் மனையும்

தமிழில் வீடு என்னுஞ் சொல் விடு என்னும் முதனிலையிற் பிறந்தது. தொழிலை விட்டு வந்து தங்குமிடம் என்று கொள்ளினும், பற்றனைத்தும் விட்ட நிலை என்று கொள்ளினும், விடுதற் பொருள் அதனுள் நிற்றல் தெளிவு. இத்தாலி நாட்டின் தஸ்கனி, உம்பிரியா என்னும் மாகாணங்களிலுள்ள பழைய உழவர் மனைகளின் வரலாற்றை நோக்குவார்க்கு இச்சொற்பொருள் நினைவுக்கு வாராதிராது. ஒருவர் விட்டுச் சென்றமையாலேயே அவை மற்றொருவருக்கு வீடாயின.

அந்நாட்டிற் பல நூற்றாண்டுகள் நிலவிய உழவுமுறை, நம்மவர் வாரம் என்று வழங்குவதனை ஒத்தது. நிலமும் மனையும் நிலக்கிழாருடையன, உழைப்புக் குடியானவனுடையது, விளைவு இருவர்க்கும் பாதி பாதி. மனையின் கீழ்த்தளம் மாட்டுத் தொழுவமாகவும், மேற்றளம் குடும்பம் உறையுமிடமாகவும் அமைந்தன. மாரிக்காலத்தில் மாடுகளின் உடற்சூடு மேலெழுந்து மக்களின் குளிரைத் தணித்தது. கனத்த கற்சுவரும், மர உத்தரமும், சுட்ட மண்ணோடு பதித்த தரையும் கொண்ட அம்மனைகள் அழகு கருதிக் கட்டப்பட்டவையல்ல, உழைப்பிற்கெனக் கட்டப்பட்டவை. இரண்டாம் உலகப் போரின் பின்னர்த் தொழிற்சாலைகள் பெருகவே, இளைஞர் நகரங்களை நாடினர். 1964 ஆம் ஆண்டின் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடுத்தது; 1982 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழிசெய்தது. அதற்குள் எண்ணிறந்த மனைகள் ஆளற்றுக் கிடந்தன.

இவ்வெறுமனைகளை ஆங்கிலேயரும் ஜேர்மானியரும் பிறரும் வாங்கத் தொடங்கினர். கியாந்தி மலைப்பகுதியை ஆங்கில நாட்டுக் கோட்டமொன்றின் பெயர் போலத் திரித்துக் 'கியாந்திசயர்' என்று நகையாடுமளவிற்கு அவர் தொகை பெருகிற்று. அமெரிக்க எழுத்தாளராகிய பிரான்சிசு மேய்சு அம்மையார் 1990 இற் கோர்த்தோனா நகரின் புறத்தே பழைய மனையொன்றை வாங்கித் திருத்தினார். அவ்வனுபவத்தை அவர் எழுதிய நூல் 1996 இல் வெளிவந்தது. 2003 இல் திரைப்படமுமாயிற்று. அதன்பின் அம்மலைநாடு உலகோர் பலரின் கனவாயிற்று.

ஆயினும் கனவு வேறு, உறுதி வேறு. இத்தாலியில் மனை வாங்குவோர் முதலில் முன்னொப்பந்தம் எழுதி அச்சாரங் கொடுப்பர். வாங்குவோர் காரணமின்றிப் பின்வாங்கின் அச்சாரத்தை இழப்பர். விற்போர் பின்வாங்கின் அதனை இரட்டித்துக் கொடுத்தல் வேண்டும். முடிவான உறுதி நொத்தாரிசு முன்னிலையிலேயே நிறைவேறும். தனியாரிடம் வாங்குவோர் அங்கேயே வதிவிடங் கொள்வாராயின் நூற்றுக்கு 2 வீதமும், இரண்டாம் வீடாகக் கொள்வாராயின் 9 வீதமும், அரச பதிவேட்டு மதிப்பின்மேல் வரி செலுத்துவர்.

இங்கே நம் வாசகர்க்குச் சுவை பயப்பதொன்று உண்டு. பகிரப்படாத முதுசத்தில் தன் பங்கைப் பிறர்க்கு விற்க எண்ணும் உரிமையாளன், ஏனைய பங்காளர்க்கு அதனை அறிவித்தல் வேண்டும் என்றும், அவர்கள் 2 மாதத்துள் அதனைத் தாமே கொள்ளலாம் என்றும் இத்தாலியக் குடியியற் சட்டம் விதிக்கின்றது. கமநிலம் விற்கப்படுமிடத்து, அயலிலே தன் நிலத்தைத் தானே உழுவோனுக்கும் முதலுரிமை உண்டு. அவனுக்கு அறிவியாது விற்பின், உறுதி பதிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவன் அந்நிலத்தை மீட்கலாம். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்துருப் பெற்ற நம் தேசவழமையும் பங்காளர்க்கும் உரிமைக்காரர்க்கும் இத்தகைய முதலுரிமையை வழங்கியதன்றோ? நிலத்தை விற்றல் இருவரிடை முடியும் வாணிகமன்று, சுற்றமும் அயலும் அறியவேண்டிய செயல் என்னும் கருத்தை இரு நாட்டாரும் தனித்தனியே கண்டமை வியக்கத்தக்கது.

வாங்கியோர் ஆண்டு முழுதும் அங்கு உறைவாரல்லர். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 முதல், அந்நாட்டார் தனி அனுமதியின்றி எந்த 180 நாளிலும் 90 நாளே தங்கலாம். எனவே எஞ்சிய நாள்களில் மனையை வாடகைக்கு விடுவர். உள்ளூர்க் குடும்பத்துக்கு விடின், 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுவாக 4 ஆண்டும், அதன்மேல் மேலும் 4 ஆண்டும் விடுதல் வேண்டும். பயணிகளுக்கோ ஒரு வாரத்திற்கும் விடலாம். விருந்தினர் விபரத்தைப் பொலிசாருக்குப் பொதுவாக 24 மணிநேரத்துள் அறிவித்தல் வேண்டும். கோடையின் சில வாரங்கள் நல்ல வருவாய் தரும்போது, மண்ணின் மைந்தனுக்கு நெடுங்காலம் விட யார் முன்வருவர்? அவ்வூரிற் பிறந்த இளைஞன் மணஞ்செய்து குடிபுக மனை தேடுங்காற் படும் இடர்க்கு இஃதொரு காரணமாம்.

மீள விற்றலும் எளிதன்று. வாங்கிய 5 ஆண்டுக்குள் விற்பின், இலாபத்தின்மேல் பொதுவாக வரி உண்டு. 2010 முதல், பதிவேட்டு வரைபடமும் மனையின் உண்மை நிலையும் ஒத்திருத்தல் உறுதியிற் கூறப்படல் வேண்டும். அனுமதியின்றித் தொழுவத்தைச் சமையலறையாக்கியவர் விற்கும் நாளில் வருந்துவர்.

வந்தேறிகளால் ஊர் கெட்டது என்று ஒருதலையாகக் கூறுதல் நீதியன்று. அவர் வாராதிருந்தால் அக்கூரைகள் பல இடிந்திருக்கும். கற்றச்சரும் ஓடு வேய்வோரும் தம் கைத்தொழிலை மறந்திருப்பர். சிசிலித் தீவின் சம்புக்கா என்னும் ஊர் 2019 இற் கைவிடப்பட்ட 16 மனைகளை, 1 யூரோவை ஆரம்ப விலையாக வைத்து ஏலங்கூறியது. 3 ஆண்டுக்குள் திருத்துதல் வேண்டும் என்பதே நிபந்தனை. விலையைக் காட்டிலும் ஆளையே அவ்வூர் வேண்டி நின்றது. ஆனால் திருத்தப்பட்ட மனை வேறு, வாழும் மனை வேறு. அடுப்புப் புகையாத மனையாற் பள்ளிக்கு ஒரு பிள்ளை சேராது. கடைக்கு ஒரு வாடிக்கை சேராது. இறந்தாரைச் சுமக்க நான்கு தோள்களும் சேரா.

யாழ்ப்பாணத்திலும் நாற்சார் வீடுகள் பல பூட்டுண்டு கிடக்கின்றன. உரித்தாளர் கனடாவிலும் பிரித்தானியாவிலும் பரந்துளர், உறுதியோ பகிரப்படாதது. தஸ்கனி நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு: சுவரைப் பணங் காக்கும், மனையை மனிதரே காப்பர். பூட்டிய வீட்டுக்கு உரியோர், விலை ஏறும்வரை காத்திராது, குடியிருக்க இடமின்றித் தவிக்கும் அயலூர்க் குடும்பமொன்றுக்கு அதனை நியாயமான வாடகைக்கு விடுவாராயின், வீடும் நிலைபெறும், ஊரும் நிலைபெறும்.