வலுவிழந்த பழைய டீசல் கார்

டர்போ பொருத்திய பழைய டீசல் கார் ஒன்று ஏற்றத்திலே திணறத் தொடங்கியதும், "டர்போ போய்விட்டது" என்னும் தீர்ப்புப் பெரும்பாலும் எஞ்சின் மூடியைத் திறக்குமுன்னரே வழங்கப்பட்டுவிடுகின்றது. நேயர்களே, அத்தீர்ப்பை நம்பிப் பெருந்தொகை கொடுத்து வேறொரு டர்போவைப் பூட்டிய பின்னரும், கார் முன்போலவே திணறக் காண்பதுண்டு. வலுக்குறைவு நோயின் குறியேயன்றி நோயன்று. கலைப்பட்டம் பெற்ற பாடசாலை அதிபருக்கு எஞ்சினிலே என்ன அலுவல் என்று சிலர் நகைக்கலாம். குறியினின்று காரணத்தைத் தேடிச் செல்வதற்குக் கலையென்றும் விஞ்ஞானமென்றும் பேதம் இல்லை.

டர்போ என்பது யாது? ஓர் அச்சின் இரு முனைகளிலும் பூட்டிய இரண்டு சிறு விசிறிச் சில்லுகள் என்று சுருங்கச் சொல்லலாம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சில்லைச் சுழற்றுகின்றது. மற்றைய சில்லு வெளிவளியை அமுக்கி எஞ்சினுக்குள்ளே செலுத்துகின்றது. எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது அவ்வச்சு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். வீணே போகும் புகையைக் கொண்டு வளியைத் திணிக்கும் இந்த உபாயத்துக்குச் சுவிற்சலாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்றார். 1920களில் அது கப்பல் எஞ்சின்களுக்கு வந்தது. டீசல் காருக்கு வர மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1978இல் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்கென வெளியிட்ட 300 எஸ்.டி. என்னும் காரே, தொடர் உற்பத்தியில் வந்த முதலாவது டர்போ டீசல் கார். ஐந்து சிலிண்டர்களும் மூன்று லீற்றர் கொள்ளளவும் உடைய அதன் எஞ்சின், டர்போ இல்லாதபோது ஏறத்தாழ 80 குதிரைவலுவே தந்தது. டர்போ சேர்ந்தபின் ஏறத்தாழ 110 தந்தது. இவ்வெஞ்சின் பொருத்திய கார்கள் இன்றும் ஓடுகின்றன. நாம் இன்று பேசும் பொருளுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

ஒன்றை முதலிலே தெளிந்துகொள்ளல் வேண்டும். வளி மிகுந்தமையால் மட்டும் வலு மிகாது. மிகுந்த வளிக்கேற்ப எரிபொருளும் மிகுதல் வேண்டும். ஆகவே வலுக் குறைந்தால், குறைந்தது வளியா, எரிபொருளா என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை சொல்லுவது புகை. ஏற்றத்திலே ஆர்முடுக்கியை முழுதும் மிதித்துச் செல்லும்போது, பின்னால் வேறொரு வண்டியில் வருபவரைப் புகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். கரும்புகை அடர்த்தியாக எழுந்தால், எரிபொருள் செல்கின்றது, வளி போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். தூசி அடைத்த வளி வடிகட்டி, வெடித்த றப்பர்க் குழாய், தளர்ந்த கிளிப் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே டர்போவைச் சந்தேகிக்கவேண்டும். எரிபொருளைத் தூவும் நொசில்கள் தேய்ந்தாலும் கரும்புகை வரும். புகை ஏதுமின்றிக் கார் சோர்ந்து நகர்ந்தால் எரிபொருளே போதவில்லை. நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். அதனைப் பிறகு சொல்வேன்.

புகையில்லாச் சோர்வே ஆளை அதிகம் ஏமாற்றுவது. மேற்சொன்ன காரிலே எரிபொருளுக்கு இரண்டு வடிகட்டிகள் உண்டு. தாங்கியின் அடியிலும் ஒரு சல்லடை உண்டு. சமதரையிலே சுகமாக ஓடும் கார், நீண்ட ஏற்றத்திற் சோர்ந்து, சிறிது நேரம் நிறுத்திவைத்தபின் மறுபடி நன்றாக ஓடிப் பின்னும் சோருமானால், இவற்றுள் ஒன்று அடைபட்டிருத்தல் கூடும். நுவரெலியாவுக்கு ஏறும் வரையில் காரிலே குறையிருப்பதை அறியாதிருக்கும் யாழ்ப்பாணத்தார் பலர் இருப்பர். எங்கள் பக்கத்துத் தரை அப்படிப்பட்டது. இன்னும் எளிய சோதனையொன்று உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஆர்முடுக்கியை முழுதும் மிதிக்க, மற்றொருவர் எரிபொருட் பம்பியிலுள்ள நெம்பு தன் எல்லை வரை செல்கின்றதா என்று பார்க்கவேண்டும். இணைப்புத் தண்டுகள் தேய்ந்த பழைய காரில் அது பாதி வழியிலே நின்றுவிடுவதுண்டு. இச்சோதனைக்குச் சதம் செலவில்லை.

இவையெல்லாம் சரியாயிருந்தும் கார் சோர்ந்தால், இவ்வெஞ்சினுக்கே உரிய ஓரிடத்தைப் பார்த்தல் வேண்டும். எரிபொருட் பம்பியின் மேல் ஆல்டா எனப்படும் சிறு கருவி அமர்ந்திருக்கின்றது. எஞ்சினுக்குட் புகும் வளியின் அமுக்கத்தை அளந்து, அமுக்கம் கூடியபோது எரிபொருளையும் கூட்டிவிடுவது அதன் கடமை. அமுக்கத்தை அதற்குக் கொண்டு செல்வது ஒரு மெல்லிய குழாய். வளிக்கூடத்திலே அக்குழாய் தொடங்குமிடத்தில் நடுவே துளையுள்ள ஒரு போல்ட் இருக்கின்றது. எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய்ப் பசையும், கழிவுப்புகையில் ஒரு பங்கை மீண்டும் உள்ளிழுக்கும் ஏற்பாட்டினால் வரும் கரியும் சேர்ந்து, நாளடைவில் அத்துளையை அடைத்துவிடுகின்றன. அப்பொழுது டர்போ சுழல்கின்றது, வளியும் வருகின்றது. பம்பிக்கு மட்டும் அது தெரிவதில்லை. டர்போ இல்லாத காருக்குரிய எரிபொருளையே அது அளந்து கொடுக்கின்றது. கேள்வி காதில் விழாமையால் வாளாவிருந்த மாணவனை மந்தன் என்று ஒதுக்குவது போன்றதே, இந்நிலையில் டர்போவைக் கழற்றி எறிவதும். போல்ட்டைக் கழற்றித் துளையைக் கழுவி, குழாயையும் ஊதிப் பார்த்து, மறுபடி பூட்டினாற் போதும். அக்குழாயின் இடையே ஒரு மின்வால்வும் உண்டு. அமுக்கம் எல்லை மீறினால் எரிபொருளைக் குறைத்து எஞ்சினைக் காப்பது அது. அதுவும் அடைபடலாம்.

ஊகத்தை விட்டு அளந்து பார்க்க விரும்புவோர், அதே குழாயில் ஒரு முக்கிளைத் துண்டை இணைத்து அமுக்கமானியைப் பூட்டலாம். நின்றபடியே எஞ்சினை உறுமவிட்டுப் பார்ப்பதிற் பயனில்லை. சுமை இன்றேல் அமுக்கம் எழாது. ஏற்றத்திலே ஓட்டும்போது சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அளவில் முள் நின்றால் டர்போ நலமாயிருக்கின்றது.

1990களுக்குப் பின் வந்த கார்கள் பலவற்றில் இவ்வேலைகளைக் கணினியும் வெற்றிடக் குழாய்களும் செய்கின்றன. வெடித்துப்போன ஒரு சிறு வெற்றிடக் குழாயே அங்கு வலுவைக் குறைத்துவிடும்.

இனி நீலப்புகை. டர்போவின் அச்சு தேய்ந்தால் எண்ணெய் கசிந்து வளியோடு எஞ்சினுக்குட் புகும். வளிக்குழாயின் உட்புறத்திலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. எண்ணெய் தேங்கி நிற்பது இயல்பன்று. எஞ்சின் குளிர்ந்து நிற்கும்போது குழாயைக் கழற்றி அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டிற் சிறிது அசையலாம். முன்பின்னாக அசைவது தெரிந்தாலோ, சில்லு கூட்டின் சுவரை உரசினாலோ, அந்தக் காரை ஓட்டுதல் ஆகாது. ஏனெனில், டீசல் எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு ஓடவல்லது. அவ்வாறு வெறிகொண்டு ஓடும் எஞ்சின், திறப்பைத் திருப்பினாலும் நிற்காது. சிதறும் வரை வேகமெடுக்கும். கையால் கியர் மாற்றும் காராயின், தடுப்பை அழுத்தி மிதித்தபடி மிக உயர்ந்த கியரிலிட்டுக் கிளச்சை விட்டு எஞ்சினை மடக்கலாம். அல்லாவிடில் வளி புகும் வாயைப் பலகையால் மூடலாம். கையாலோ துணியாலோ மூட முயலக்கூடாது. அவை உள்ளே இழுக்கப்பட்டுவிடும். இரண்டும் கூடாவிட்டால் அருகில் நிற்காது விலகிவிடுங்கள்.

டர்போ உண்மையிலேயே பழுதானால், அது ஏன் பழுதாயிற்று என்று கேளாமற் புதியதைப் பூட்டுதல் கூடாது. கடும் ஏற்றம் ஏறி முடித்தவுடன் எஞ்சினை நிறுத்தினால், கொதிக்கும் டர்போவுக்குள் நின்றுபோன எண்ணெய் கரியாகி, எண்ணெய் வரும் மெல்லிய குழாயை அடைத்துவிடும். அதே குழாயோடு பூட்டிய புதிய டர்போவும் விரைவில் அதே கதியை அடையும். ஆகவே அக்குழாயையும் மாற்றி, எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் புதுப்பித்து, டர்போவின் எண்ணெய்த் துளையிலே சிறிது நல்ல எண்ணெய் வார்த்துச் சில்லைக் கையாற் சுழற்றிவிடவேண்டும். பின்னர் எரிபொருளை அடைத்து வைத்துக்கொண்டு, எண்ணெய் அமுக்கமானியின் முள் எழும் வரை எஞ்சினைச் சுழலவிட்டு, அதன் பின்னரே இயக்குங்கள்.