மத்தவிலாசப் பிரகசனத்தில் அதிகார மாந்தரின் மறைகுறைகள்

முன்னுரை

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம், காஞ்சி மாநகரைக் களமாகக் கொண்ட ஓரங்க நகை நாடகமாகும். காஞ்சிக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில் இதன் பெயர் இடம்பெற்றுள்ளது. 1917இல் த. கணபதி சாஸ்திரியார் இதனைத் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். இந்நாடகத்தைச் சமயப் பூசலின் சான்றாகக் கொள்வதுண்டு. ஆயினும், இதில் நகைப்புக்கு உள்ளாவது சமயக் கோட்பாட்டினும் மிகுதியாக, மதிப்புக்குரிய நிலையில் இருப்போர் தம் குறையை மறைக்கும் முறையே என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

துறவியின் மறைப்பு

காபாலிகன் சத்தியசோமன் கள் மயக்கத்தில் தன் கபாலத்தைத் தொலைக்கிறான். அவ்வழியே வரும் பௌத்தத் துறவி நாகசேனன் ஆடைக்குள் எதையோ மறைத்துச் செல்வதைக் கண்டு, அவனே கள்வன் எனப் பற்றுகிறான். துறவி மறைத்தது தன் சொந்த உண்கலத்தையே. ஆதலின் களவுக் குற்றம் அவனுக்கு இல்லை. ஆனால், மதுவையும் மகளிரையும் புத்தர் விலக்கியிருக்க மாட்டார், இளையோர்மீது பொறாமை கொண்ட முதிய துறவியரே அவ்விடங்களை மூலநூலிலிருந்து நீக்கியிருப்பர் என அவன் தனக்குள் எண்ணியதை அவையோர் முன்னரே கேட்டுள்ளனர். சாட்டப்பட்ட குற்றம் பொய். சாட்டப்படாத குறை மெய். காபாலிகனோ தன் குடியை மறைப்பதில்லை. அதற்குச் சமய விளக்கம் தருகிறான். ஒழுக்கக் குறை இருவர்க்கும் பொது. போலித்தனம் துறவிக்கே உரியது.

நடுவரின் உள்நோக்கம்

வழக்கைத் தீர்க்கப் பாசுபதன் பப்ருகல்பன் நடுவனாகிறான். ஒரு பெண்ணின் பொருட்டு நாகசேனன்மீது தனக்குள்ள பழம்பகையை அவன் பிறர் அறியாதவாறு அவையோர்க்கு மட்டும் வெளியிடுகிறான். இங்கு நடுவுநிலை என்பது மேற்பூச்சாகிறது. தன்னால் தீர்க்க இயலாது எனக் கூறி அவன் வழக்கை அறங்கூறவைக்கு அனுப்ப முனையும்போது, காபாலிகனின் துணைவி தேவசோமை மறுக்கிறாள். விகாரங்களின் செல்வமுடைய துறவி அதிகாரிகளின் வாயை அடைக்க வல்லவன். வறியோராகிய தமக்கு அங்கு இடமில்லை என்பது அவள் வாதம். பாசுபதன் உடனே அவையோரின் நேர்மையைப் போற்றுகிறான்.

இவ்விடம் கூர்ந்து நோக்கத்தக்கது. அவையின்மீது ஐயம் எழுப்புபவள் குடித்திருப்பவள். எனவே அதனைப் பிதற்றல் எனத் தள்ளிவிடலாம். ஆனால் அவைக்கு நற்சான்று தருபவனின் உள்நோக்கத்தையோ நாம் அறிவோம். இருவர் சொல்லும் முழுச் சான்றாகா. நாய் கவ்விச் சென்ற கபாலத்தைப் பித்தன் ஒருவன் கொண்டுவர, வழக்கு வீதியிலேயே முடிகிறது. அறங்கூறவை அரங்கில் தோன்றவே இல்லை. அதன் நேர்மை மெய்ப்பிக்கப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை.

முடிவுரை

சமய அதிகாரிகளின் குறைகளை அரங்கில் வெளிப்படுத்தும் ஆசிரியன், தன் ஆட்சிக்குட்பட்ட நீதி அமைப்பின்மீதான ஐயத்தை விடையின்றி விடுகிறான். அவ்வையம் நாடகத்தில் இடம்பெற்றதை அரசனின் தன்விமரிசனமாகக் கொள்ளலாம். அது ஆராயப்படாது போனதை அத்தன்விமரிசனத்தின் எல்லையாகக் கொள்ளலாம். அரசனே ஆசிரியனாக அமையும் அங்கத நாடகங்களை ஆராய்வோர், எவர் நகைக்கப்படுகின்றனர் என்பதோடு, எவர் அரங்கிற்கு வராமல் விடப்படுகின்றனர் என்பதையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.