உங்களுக்குத் தெரியுமா? பட்டறை போட இடம் பார்ப்பது யார்?

கார் இருக்கை செய்பவர்கள் பெரும்பாலும் கார் ஆலைக்குப் பக்கத்திலேயே பட்டறை போடுகிறார்கள். இருக்கை லாரியில் இடத்தை அடைக்கும். அடுத்து வரும் வண்டிக்குக் கறுப்பா, பழுப்பா என்று பார்த்து அந்த வரிசையிலேயே இறக்கவும் வேண்டும். தூரத்தில் இருப்பவர் விலையைக் குறைத்தாலும் தேறுவது கடினம்.

★

ஜப்பானில் கொரோமோ என்றொரு ஊர். 1959-இல் அதன் பெயரையே டொயோட்டா என்று மாற்றிவிட்டார்கள். உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் பலவும் அந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. 1997 பிப்ரவரி 1 அன்று பக்கத்து ஊரான கரியாவில் அப்படியொரு கம்பெனியான ஐசினின் ஆலை தீப்பிடித்தது. பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தைச் சீராக்கும் கைக்கடக்கமான ஒரு வால்வு. டொயோட்டாவுக்குத் தேவையான ஏறக்குறைய மொத்தமும் அங்கேதான் தயாரானது. கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். ஜப்பானில் இருந்த டொயோட்டா ஆலைகள் அநேகமாக எல்லாமே நின்றன. ஆனால் சில நாட்களிலேயே மறுபடி ஓடின! வரைபடத்தை வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்துப் பட்டறைகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்து கொடுத்தன. தையல் மெஷினுக்குப் பேர்போன பிரதர் கம்பெனியும் அதில் ஒன்று. மொத்த வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தது தப்புதான். கூப்பிடு தூரத்தில் அத்தனை கடைசல் பட்டறைகள் இருந்தது யோகம்.

★

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998-இல் வெளிவந்தது. கொரியாவில் ஹூண்டாய்க்குப் பாகம் கொடுத்துவந்தவர்களும் கூடவே வந்து இறங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தென்படுவது இதனால்தான்.

★

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் சின்ன ஊர். வால்மார்ட்டின் தலைமை அலுவலகம் அங்கே இருப்பதால், அதற்குச் சரக்கு விற்கும் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் அந்த வட்டாரத்தில் ஆபீஸ் திறந்திருக்கின்றன. ஒரு சோப்பு கம்பெனி வந்தால் எதிராளி சோப்பு கம்பெனி சும்மா இருக்குமா? 'வெண்டர்வில்' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது.

★

இரண்டு சர்க்கரை ஆலைகளுக்கு நடுவே குறைந்தது 15 கி.மீ. இடைவெளி வேண்டும் என்று 2006-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வெட்டிய கரும்பு காயக் காயச் சர்க்கரைச்சத்து குறையும். ஆகவே பக்கத்து ஆலைக்குத்தான் அனுப்பியாக வேண்டும். ஒரே ஊர்க் கரும்புக்கு இரண்டு ஆலைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்பது நோக்கம். அடித்துக்கொண்டால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்குமே என்பது என் கட்சி.

★

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். கேட்டது இல்லையென்றால், "இருங்க சார், வந்துடும்" என்று பையனை ஓட விடுவார்கள். பக்கத்துக் கடைச் சரக்கு இரண்டு நிமிஷத்தில் உங்கள் கைக்கு வரும், கொஞ்சம் லாபம் சேர்த்து. பையன் எந்தக் கடைக்குள் நுழைகிறான் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த தடவை நேரே அங்கே போகலாம்.