எலும்புக்குப் பரவிய புற்றுநோய்: எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

‘எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை’ என்று கேட்டதும் வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக முதுகுவலி என்றால், அந்த நிம்மதிக்கு இன்னும் நேரம் வரவில்லை. எலும்பின் ஓரிடத்தில் உள்ள தாதுச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அது தெரிய ஆரம்பிக்கும். பரவும் புற்றுநோய் முதலில் குடியேறுவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். எலும்பு கரைவது பிற்பாடு. தொடை எலும்பு முறியும் நிலையில் இருக்கிறதா, முன்கூட்டியே கம்பி வைக்க வேண்டுமா என்று முடிவு செய்ய எக்ஸ்ரே இன்றும் வேண்டும். நோயைத் தேடிக் கண்டுபிடிக்க அது போதாது.

அந்த வேலையை அரை நூற்றாண்டாகச் செய்துவருவது போன் ஸ்கேன். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் கோபால் சுப்ரமணியன், ஜான் மெக்காஃபி இருவரும் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைப் பாஸ்பேட்டோடு சேர்த்து எலும்பில் ஒட்ட வைக்க முடியும் என்று 1971-இல் காட்டினார்கள். எம்.டி.பி. என்ற மேம்பட்ட மருந்து 1975-இல் வந்தது. இன்றும் பெரும்பாலும் அதுதான். ஊசி போட்டு மூன்று மணி நேரம்போலக் காத்திருந்தால், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரே படத்தில் எடுத்துவிடலாம். செலவும் பெட் ஸ்கேனைவிட மிகக் குறைவு.

ஆனால் போன் ஸ்கேன் புற்றுநோயைப் பார்ப்பதே இல்லை. எங்கே புது எலும்பு கட்டப்படுகிறதோ அங்கே மருந்து சேரும், அவ்வளவுதான். சுவரில் பூச்சுவேலை நடக்கும் இடத்தை அது காட்டும். சுவரை அரித்தது கரையானா, கசிந்தது மழைநீரா என்று சொல்லாது. மூட்டுத் தேய்மானம், போன வருடம் விழுந்ததில் விலா எலும்பில் பட்ட அடி, கிருமித் தொற்று எல்லாமே கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். மாறாக, மல்டிபிள் மைலோமா போன்ற நோய்கள் எலும்பை அரிக்குமே தவிர, புதிதாகக் கட்ட விடுவதில்லை. அவை இந்த ஸ்கேனில் நழுவிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிகிச்சை பலித்து எலும்பு ஆறத் தொடங்கும்போது முதல் சில மாதங்களுக்குப் புள்ளிகள் முன்பைவிடக் கறுத்துத் தெரியலாம். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டினால் நல்ல சிகிச்சையை நிறுத்திவிடுவோம்.

பெட் சி.டி. வேறு வழியில் போகிறது. வழக்கமான எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனில் கொடுப்பது கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைச் சர்க்கரை. அதை ஆவலாக இழுத்துக்கொள்ளும் செல்கள் மின்னும். நுரையீரல் புற்றுநோய்க்கு இது அருமையாகப் பொருந்துகிறது. இதை எடுத்தவருக்குத் தனியாக ஒரு போன் ஸ்கேன் பெரும்பாலும் வீண் செலவு. புராஸ்டேட் புற்றுநோயோ பெரும்பாலும் சர்க்கரைக்கு மயங்குவதில்லை. அதற்கென வந்ததுதான் பி.எஸ்.எம்.ஏ. பெட். புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து இதில் பயன்படுகிறது.

பழையதையும் புதியதையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. புரோ-பி.எஸ்.எம்.ஏ. என்று பெயர், 2020-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. நோய் பரவும் அபாயம் அதிகமுள்ள 302 ஆண்களில் ஒரு பாதிக்கு முதலில் சி.டி.யும் போன் ஸ்கேனும், மறுபாதிக்கு முதலில் பி.எஸ்.எம்.ஏ. பெட். நிணநீர்க் கணுவுக்கோ எலும்பு உள்ளிட்ட தொலைவான இடங்களுக்கோ நோய் பரவியிருக்கிறதா என்பதைப் பெட் 92 சதவீதம் சரியாகச் சொன்னது. பழைய ஜோடி 65 சதவீதம். ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று குழப்பும் ரிப்போர்ட்டுகள் பழைய முறையில் 23 சதவீதம், புதியதில் 7. உடலில் ஏறிய கதிர்வீச்சும் பாதிக்கும் குறைவு: 19.2-க்கு எதிராக 8.4 மில்லிசீவர்ட். இதற்குப் பிறகும், அபாயம் அதிகமுள்ள புராஸ்டேட் நோயாளிக்கு வசதி இருக்கும் ஊரில் பழைய ஜோடியையே முதலில் எழுதிக் கொடுப்பதற்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்காகப் பி.எஸ்.எம்.ஏ. பெட் பிழையே செய்யாத கருவியும் அல்ல. பி.எஸ்.எம்.ஏ. மருந்துகளில் ஃபுளோரின் சேர்ந்த ஒருவகை, நோயே இல்லாத விலா எலும்பிலும் மின்னி ஏமாற்றும்.

விலை கூடிய ஸ்கேன் எல்லோருக்கும் நல்லது என்ற நம்பிக்கையும் தவறு. அறிகுறி இல்லாத, பரவும் வாய்ப்பு குறைந்த ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்குப் பெட், சி.டி., போன் ஸ்கேன் எதுவும் வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ 2012-லேயே சொல்லிவிட்டது. அங்கே தேடினால் அகப்படுவது பெரும்பாலும் தேய்மானப் புள்ளிதான். அதைத் துரத்திக்கொண்டு இன்னொரு ஸ்கேன், பிறகு பயாப்ஸி, நடுவில் தூக்கமில்லாத இரவுகள். ‘இந்த ஸ்கேனின் முடிவு சிகிச்சையை மாற்றுமா, டாக்டர்?’ என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எம்.ஆர்.ஐ.யைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கதிர்வீச்சே இல்லாமல் மஜ்ஜையை நேரடியாகப் பார்ப்பது இதுதான். எலும்பு கரையும் முன்பே மாற்றத்தைக் காட்டும். முழு உடலையும் எடுக்கலாம் என்றாலும் நேரம் பிடிக்கும். அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. முதுகுத் தண்டை நோய் நெருக்குகிறதா என்ற கேள்விக்கு மட்டும் இதற்கு ஈடு கிடையாது. அந்தச் சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு வகுத்த வழிகாட்டுதல். ஆகவே புற்றுநோய் வந்தவருக்கு முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் போவதில் மாற்றம் தெரிந்தாலோ, அடுத்த வாரப் பெட் ஸ்கேனுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கால்கள் முழுதாகச் செயலிழந்த பிறகு சிகிச்சை தொடங்கினால், மீண்டும் நடப்பவர்கள் மிகச் சிலரே.