பணம் போய்ச் சேர்ந்ததா?

கோயம்புத்தூரில் படிக்கும் பெண்ணின் ஹாஸ்டல் கட்டணத்துக்கு இன்று கடைசி நாள். மாம்பலத்தில் நீங்கள் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து, உங்கள் கணக்கிலிருந்து அவள் கணக்குக்கு இருபதாயிரம் ரூபாய் அனுப்புகிறீர்கள். அவளுடையது வேறு பாங்கி. உங்கள் கணக்கில் பணம் குறைந்துவிட்டது என்ற செய்தி மட்டும் மறு நிமிஷமே வந்துவிடுகிறது. "வந்துதாடி?" என்று கேட்டால், "இன்னும் வரலைம்மா" என்கிறாள். பத்து நிமிஷம் கழித்தும் அதே பதில். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. அதைவிட அதிகமாக உங்கள் மனசு கொதிக்கிறது.

இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்றால் அந்தப் பணம் எங்கேதான் போயிற்று?

பயப்படாதீர்கள். பணம் என்பது இப்போது பிரயாணமே செய்வதில்லை. இரண்டு கணக்கும் ஒரே பாங்கியில் இருந்தால், அதே பேரேட்டில் ஓரிடத்தில் கழித்து இன்னோரிடத்தில் கூட்டினால் வேலை முடிந்தது. பாங்கி வேறாகிவிட்டால், இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் நடுவில் வேண்டும் அல்லவா? நம் நாட்டில் அந்தப் பெரியவர் ரிசர்வ் பாங்கி. நமக்குப் பாங்கியில் கணக்கு இருப்பது போல, பாங்கிகளுக்கு ரிசர்வ் பாங்கியில் கணக்கு உண்டு. உங்கள் பாங்கியின் கணக்கில் கழித்து, பெண்ணுடைய பாங்கியின் கணக்கில் கூட்டுவார்கள். 'இன்னாருக்குச் சேர்க்கவும்' என்ற செய்திதான் ஊர்விட்டு ஊர் போகிறது. இந்தக் கூட்டல் கழித்தல் எப்போது நடக்கிறது என்பது, நீங்கள் பிடித்த வழியைப் பொறுத்தது.

நீங்கள் அனுப்பியது 'நெஃப்ட்' வழியில் என்று வைத்துக்கொள்வோம். அது அரை மணிக்கு ஒரு தரம் புறப்படும் பஸ் மாதிரி. ஒரு நாளைக்கு 48 பஸ். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு ஏறி உட்கார்ந்தாலும் பத்தரைக்குத்தான் கிளம்பும். வழியில் சேர்ந்த பணம் அத்தனையையும் ஒரு கொத்தாகக் கணக்குத் தீர்ப்பார்கள். அதற்குப் பிறகும், பெண்ணின் பாங்கி அதை அவள் கணக்கில் வைக்க இரண்டு மணி நேரம் அவகாசம் உண்டு. ஆகவே, மத்தியானம் பன்னிரண்டரை வரை நீங்கள் யாரையும் கோபித்துக்கொள்ள நியாயம் இல்லை! 2005-ல் வந்த இந்த வழிக்கு முன்பு ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை. 2019 டிசம்பர் 16 முதல் அந்த விடுமுறை போயிற்று. வீட்டிலிருந்தபடியே சேமிப்புக் கணக்கிலிருந்து அனுப்பினால் கட்டணமும் கிடையாது. 2020 ஜனவரியிலிருந்து அப்படி.

இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் 'ஆர்.டி.ஜி.எஸ்.' இருக்கிறது. இது பஸ் அல்ல, தனி டாக்ஸி. ஒவ்வொரு தொகையும் வந்த உடனே தனித்தனியாகத் தீர்க்கப்படும். செய்தி கிடைத்த அரை மணிக்குள் எதிர்ப் பாங்கி வரவு வைக்க வேண்டும். வீடு வாங்குகிறவர்களுக்கும் கல்யாணச் சத்திரத்துக்கு முழுத் தொகை கட்டுகிறவர்களுக்கும் ஏற்ற வழி.

அவசரக்காரர்களுக்கு 'ஐ.எம்.பி.எஸ்.' 2010-ல் வந்தது. ஐந்து லட்சம் வரை, நொடியில் சேரும். காய்கறிக்காரர் வண்டியில் சதுரப் படம் ஒட்டியிருக்கிறதே, அந்த 'யு.பி.ஐ.' 2016-ல் பிறந்த இதன் தங்கை. இந்த இரண்டிலும் ஒரு வேடிக்கை: எதிர்ப் பாங்கி முதலில் வரவு வைத்துவிடுகிறது, பாங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது அதற்குப் பின்புதான். மளிகைக்கடைக்காரர் சாமானை முதலில் கொடுத்துவிட்டுப் பற்று எழுதிக்கொள்கிறாரே, அதே கதை.

செக்கும் இப்போது சோம்பேறி இல்லை. முன்பு வெளியூர்ச் செக் தபாலில் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். இன்று செக்கின் படம்தான் போகிறது. 2025 அக்டோபர் 4 முதல் புது ஏற்பாடு ஒன்று நடைமுறைக்கு வந்தது. குறித்த நேரத்துக்குள் அனுப்பப்படும் செக்குக்கு, பணம் கொடுக்க வேண்டிய பாங்கி அன்று மாலை ஏழுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் தாமதம் ஏன் என்கிறீர்களா? புதிதாக ஒருவர் பெயரைச் சேர்த்தால், சில மணி நேரம் அவருக்குப் பணம் அனுப்ப விடாமலோ, சிறு தொகையே அனுப்ப விட்டோ பல பாங்கிகள் நிறுத்திவைக்கின்றன. திருடனிடமிருந்து உங்களைக் காப்பாற்றத்தான். கடைசி நாள் காலையில் இது தெரிந்தால் என்ன பிரயோசனம்? பெயரை இரண்டு நாள் முன்பே சேர்த்துவிடுங்கள்.

கெடு தாண்டினால் சும்மா இருக்க வேண்டாம். நெஃப்ட் பணம் உரிய நேரத்தில் சேராவிட்டால், ரிசர்வ் பாங்கியின் ரெப்போ வட்டியோடு இரண்டு சதவிகிதம் கூட்டி அபராத வட்டி தர வேண்டும். ஐ.எம்.பி.எஸ்., யு.பி.ஐ. மூலம் உங்கள் கணக்கில் கழிந்து அங்கே சேராத பணம், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய், நீங்கள் கேட்காமலேயே. 2019-ல் ரிசர்வ் பாங்கி போட்ட உத்தரவு இது. அனுப்பியதற்கு வரும் அடையாள எண்ணை மட்டும் அழித்துவிடாதீர்கள். புகார் செய்யும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

தாமதமாவது பரவாயில்லை, என்னைக் கேட்டால், அதிகக் கவலை தருவது வேகம்தான். செக்கை எழுதிக் கொடுத்த பிறகும், பணமாவதற்குள் பாங்கிக்குச் சொல்லி நிறுத்திவிடலாம். நொடியில் போன பணத்தை எப்படி நிறுத்துவது? கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறி வேறொருவருக்குச் சேர்ந்துவிட்டால், அவர் சம்மதித்தாலொழிய திரும்ப வாங்குவது பெரும் பாடு. பெயரைச் சரியாக எழுதினோமே என்று வாதாட முடியாது. பாங்கி பார்ப்பது எண்ணை. எண்ணைப் போட்டால் கணக்குக்காரர் பெயரைக் காட்டும் வசதியை நெஃப்ட்டுக்கும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் செய்து தரும்படி பாங்கிகளுக்கு உத்தரவாயிற்று. அந்தப் பெயரை நிதானமாகப் படியுங்கள். பெரிய தொகை என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, "வந்ததா?" என்று கேட்டுக்கொண்டு மீதியை அனுப்புங்கள்.

யாராவது ஏமாற்றிப் பணம் பறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால், அழுதுகொண்டு உட்காராமல், வீட்டில் திட்டுவார்களே என்று ஒளிக்காமல், உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். திருடன் அதை அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் முடக்கிவிட்டால் மீட்க வழி உண்டு. அவன் கையிலும் இதே வேகமான வழிகள்தான் இருக்கின்றன.