வளைவில் கார் ஏன் சாய்கிறது?

ஆழியாறிலிருந்து வால்பாறை செல்லும் மலைப்பாதையில் 40 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பேருந்து வெளிப்பக்கம் சாய்கிறது. நாமும் பக்கத்துத் தோழியின் மீது சரிகிறோம். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் வண்டி சாயாது, சாயாவிட்டால் ஆபத்தில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே.

1,000 கிலோ எடையுள்ள கார் ஒன்று, 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்திலும், இடவலச் சக்கரங்கள் 1.4 மீட்டர் இடைவெளியிலும் இருந்தால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஏறத்தாழ 160 கிலோ பாரம் மாறிவிடும். (கணக்கில் ஆர்வமுள்ளோர் போட்டுப் பார்க்கலாம்!) ஸ்பிரிங்கை எவ்வளவு கெட்டியாக்கினாலும் இந்தப் பாரம் பெரிதும் குறையாது. நம் ஊர்ச் சாலையில் பனியன் மூட்டைகளை உயர அடுக்கிச் செல்லும் வேன்களில் ஈர்ப்பு மையம் மேலேறுவதால், அது இன்னும் கூடும்.

அப்படியானால் ஸ்பிரிங்கின் வேலை என்ன? மாறும் பாரத்தில் முன்சக்கரங்களுக்கு எவ்வளவு, பின்சக்கரங்களுக்கு எவ்வளவு என்று பங்கிடுவதே. பாரம் இருமடங்கானால் டயரின் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ஆதலால் எந்தப் பக்கம் ஸ்பிரிங் அதிகக் கெட்டியோ அந்தப் பக்கம் பிடிப்பு முதலில் தளரும். முன்பக்கம் தளர்ந்தால் வண்டி திரும்பாமல் நேரே வெளியே ஓடும். பின்பக்கம் தளர்ந்தால் வால் சுழன்றுவிடும். பின்னதே அதிக அச்சம் தருவது.

இந்தப் பங்கீடு சரியாக நடக்க வண்டியின் பாடி முறுக்கிக்கொள்ளாமல் இருக்கவேண்டும். பனியன் கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றை மூடாமல் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் கோணும். மூடி டேப் ஒட்டியபின் அசையாது. முன்பக்கம் ஒருவாறும் பின்பக்கம் ஒருவாறும் கோணும் பாடியில், ஸ்பிரிங்கை மாற்றினாலும் பலன் பாதி வீணாகும்.

கோயம்புத்தூரின் கரிவர்தன், மாருதி என்ஜினைக்கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995இல் மறைந்த அவர் பெயரில், செட்டிபாளையத்தில் 2003 முதல் பந்தயத்தளம் ஒன்று உள்ளது. பல ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களின் சட்டத்தை எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்துச் செய்வது வழக்கம். முக்கோணம் கோணாது என்று வடிவியலில் படித்தோமே, அதேதான்!

நம் வீட்டு வண்டிகளுக்கும் இது பொருந்தும். அடிப்பாகம் துருப்பிடித்து, வெல்டிங் விட்டுப்போன பழைய வேனுக்குப் புது ஸ்பிரிங் மட்டும் போட்டால், மேடுபள்ளத்தில் குலுக்கல் குறையலாம்; வளைவில் அது பழைய வேனாகவே இருக்கும்.